விடாத குதிகால் வலி: மருந்துக்கடையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மருந்துக்கடை வைத்து 19 வருடம் ஆகிறது. காலை ஒன்பது மணிக்கு ஷட்டரைத் தூக்கினால் ராத்திரி வரை நின்ற கால்தான். நாலு வருடத்துக்கு முன்னால் எனக்கே இடது குதிகாலில் வலி வந்தது. முழுசாகப் போக 11 மாதம் ஆனது. அந்த 11 மாதத்தில் நான் செய்ததில் பாதி தேவையில்லாத காரியம். உருப்படியாகப் பலன் தந்தவை இரண்டுதான்: தினமும் பாதத்தையும் கெண்டைக்காலையும் இழுத்து நீட்டுகிற பயிற்சி, வீட்டுக்குள்ளும் செருப்பு. முதல் மாதமே இது தெரிந்திருந்தால் எவ்வளவோ வலி மிச்சமாகியிருக்கும். அதனால்தான் வலி மாத்திரை கேட்டு வருகிறவர்களை ஐந்து நிமிடம் நிறுத்திப் பேசுகிறேன். அப்போது அவர்கள் கேட்ட கேள்விகள் இவை. நான் மருந்தாளுநர், டாக்டர் இல்லை. எப்போது டாக்டரிடம் போயே ஆக வேண்டும் என்பதையும் ஆங்காங்கே சொல்லியிருக்கிறேன்.

காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்தால் உயிர் போகிறது. கொஞ்சம் நடந்தால் குறைகிறது. இது என்ன?

உள்ளங்காலில், குதிகால் எலும்பின் அடியிலிருந்து விரல்களின் வேர் வரை தடித்த பட்டை மாதிரி ஒரு சவ்வு ஓடுகிறது. பாதத்தின் வளைவை வில் என்று வைத்துக்கொண்டால் இதுதான் அதன் நாண். தூங்கும்போது பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்து கிடக்கும், பட்டையும் ராத்திரி முழுக்கச் சுருங்கியே இருக்கும். எழுந்து நின்றதும் உடம்பின் மொத்த எடையும் அதை ஒரே இழுப்பாக இழுக்கிறது. பட்டை குதிகால் எலும்பில் ஒட்டியிருக்கிற இடத்தில், கொஞ்சம் உள்பக்கமாக, ஆணி அடித்த மாதிரி வலிக்கும். நாலடி நடந்ததும் பட்டை இளகி வலி அடங்கும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அரை மணி உட்கார்ந்து எழுந்தால் மறுபடியும் அதே குத்தல். பஸ்ஸில் பாண்டிச்சேரி வரை உட்கார்ந்து போய் இறங்கும்போதும் அப்படித்தான்.

டாக்டர்கள் இதை பிளான்டார் ஃபேசியைட்டிஸ் என்பார்கள். சித்த வைத்தியத்தில் குதிவாதம். ஆங்கிலப் பெயரைக் கேட்டால் ஏதோ அழற்சி நோய் போலத் தெரியும். ஆனால் மாதக்கணக்கில் நீடிக்கிற வலியில் அழற்சியைவிட, அந்தப் பட்டையின் நார் நைந்துபோயிருப்பதுதான் முக்கியமான விஷயம். மாத்திரை பற்றிப் பேசும்போது இது தேவைப்படும், மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்ரேயில் குதிகால் எலும்பு முள் மாதிரி வளர்ந்திருக்கிறதாம். ஆபரேஷன் செய்ய வேண்டுமா?

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் எப்போதும் என் கதையைச் சொல்லிவிடுவேன். வலி வந்து மூன்றாவது மாதம் ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்தார்கள். குதிகால் அடியில் கொக்கி மாதிரி ஒரு முள். "இதை எடுத்தால்தான் வலி தீரும்" என்று தேதியும் கொடுத்துவிட்டார்கள். இரண்டு ராத்திரி நான் தூங்கவில்லை. கடையை யார் பார்ப்பது, எத்தனை வாரம் காலை ஊன்றக் கூடாது என்ற கவலைதான். அப்புறம் நண்பர் ஒருவர் வற்புறுத்தி வேறொரு எலும்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். அவர் செய்தது ஒன்றே ஒன்று. வலியே இல்லாத என் வலது காலையும் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். அதிலும் அதே முள், கிட்டத்தட்ட அதே அளவில்.

வலியே தெரியாமல் நடமாடுகிற எத்தனையோ பேருக்கு இந்த முள் இருக்கிறது. பட்டை வருடக்கணக்காக இழுபடுவதில் எலும்பு விடுகிற சின்ன நீட்டம் அது. பெரும்பாலும் வலிக்குக் காரணம் அது இல்லை. எனக்கு வலி போய் மூன்று வருடம் ஆகிறது, முள் அங்கேயேதான் இருக்கிறது. அறுவை சிகிச்சை என்பது ஆறு மாதம், ஒரு வருடம் மற்றதெல்லாம் ஒழுங்காகச் செய்து பார்த்தும் அடங்காத ஒரு சிலருக்குத்தான்.

அப்படியானால் கால்சியம் மாத்திரையை நிறுத்திவிடவா?

வேண்டாம். மாத்திரையில் இருக்கிற கால்சியம் குதிகாலில் போய்ப் படிந்து முள்ளாவதில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால் தொடருங்கள்.

எனக்கு மட்டும் ஏன் வந்தது?

பத்தில் ஒருவருக்காவது வாழ்நாளில் ஒரு முறை வருகிற வலி இது. உங்களுக்கு மட்டும் இல்லை. 40 வயதுக்கு மேல் அதிகம். கடைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "போன இரண்டு மாதத்தில் என்ன மாறியது?" என்றுதான். பாதிப் பேரிடம் பதில் இருக்கும். புது வீடு கட்டிக் குடிபோனோம், எல்லாம் டைல்ஸ் தரை. டாக்டர் நடக்கச் சொன்னார் என்று ஒரே வாரத்தில் சில்வர் பீச்சில் தினம் ஐந்து கிலோமீட்டர் ஆரம்பித்தேன். பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போய் 14 கிலோமீட்டர் கிரிவலம் வெறுங்காலில் சுற்றினேன். பெண் கல்யாணம், மூன்று நாள் மண்டபத்தில் நின்ற கால். இப்படி ஏதாவது ஒன்று இருக்கும். பாதத்துக்குப் பழக்கமில்லாத பாரத்தைத் திடீரென்று ஏற்றியதுதான் எல்லாவற்றிலும் பொதுவானது.

மீதிப் பேருக்கு வேலையே காரணம். டீச்சர்கள், துணிக்கடைப் பெண்கள், போக்குவரத்துப் போலீஸ், சிப்காட்டில் ஷிப்ட் பார்க்கிறவர்கள், துறைமுகத்தில் ஈரச் சிமென்ட் தரையில் விடிகாலையிலிருந்து மீன் விற்கிற அக்காமார்கள். தட்டைப் பாதம், அதிக வளைவுள்ள பாதம், இறுகிய கெண்டைக்கால் தசை இருப்பவர்களுக்கு இன்னும் சீக்கிரம் வரும். உடல் எடையும் ஒரு காரணம்தான். ஆனால் "முதலில் பத்து கிலோ குறை" என்று சொல்லி அனுப்பிவிடுவது எனக்குப் பிடிக்கவில்லை. நடக்கவே முடியாதவர் எப்படிக் குறைப்பார்? வலியைக் குறைப்பது முதலில், எடை அதன் கூடவே மெதுவாக.

எவ்வளவு நாளில் சரியாகும்?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலோருக்கு ஊசி, ஆபரேஷன் இல்லாமலே சரியாகிவிடும், ஆனால் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகலாம். ஒரு வாரத்தில் போக்குகிறேன் என்று யாராவது சொன்னால் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நேராகக் குறைந்துகொண்டே போகாது, ஏறி இறங்கித்தான் போகும். நான் காலண்டரில் தினமும் காலை முதல் அடியின் வலிக்குப் பத்துக்கு இத்தனை என்று எண் எழுதினேன். நேற்றோடு இன்றை ஒப்பிட்டால் மனசு உடைந்துபோகும். போன மாதத்தோடு ஒப்பிட்டபோதுதான் குறைவது தெரிந்தது.

என்ன பயிற்சி செய்ய வேண்டும்? கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

இதுதான் முக்கியமான கேள்வி, அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

முதல் பயிற்சி கட்டிலிலேயே. எழுந்ததும் காலைத் தரையில் வைக்காதீர்கள். உட்கார்ந்து, வலிக்கிற காலைத் தூக்கி மறு தொடைமேல் போட்டுக்கொள்ளுங்கள். கைவிரல்களால் கால்விரல்கள் ஐந்தையும் பிடித்து முழங்கால் பக்கமாக மேலே இழுங்கள். மறு கையின் கட்டைவிரலால் உள்ளங்காலைத் தொட்டால் பட்டை கயிறு மாதிரி விறைப்பது தெரியும். தெரிந்தால் சரியாகச் செய்கிறீர்கள். பத்து எண்ணும்வரை பிடித்து விடுங்கள். இப்படிப் பத்து தடவை. காலையில் ஒன்று, நாளில் இன்னும் இரண்டு தடவை. வெகுநேரம் உட்கார்ந்து எழுவதற்கு முன்னால் செய்வது ரொம்ப நல்லது. பஸ்ஸில்கூடச் செய்யலாம், நான் செய்திருக்கிறேன்.

இரண்டாவது, சுவரைத் தள்ளுவது. வலிக்கிற காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையை விட்டு எழும்பாமல், முழங்கால் மடங்காமல், சுவரில் கை ஊன்றி முன்னால் சாயுங்கள். கெண்டைக்கால் இழுக்கும். அரை நிமிடம், மூன்று தடவை. அதையே முழங்காலை லேசாக மடக்கியும் செய்யுங்கள். கெண்டைக்கால் இறுகியிருந்தால் அந்த இழுப்பெல்லாம் கடைசியில் குதிகாலில்தான் வந்து விழும்.

மூன்றாவது, வலி கொஞ்சம் அடங்கியபின் ஆரம்பிக்க வேண்டிய பலப்படுத்தும் பயிற்சி. மாடிப்படியின் முதல் படியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, கால்விரல்கள் அதன்மேல் மேல்நோக்கி வளைந்திருக்கும்படி நில்லுங்கள். குதிகால் வெளியே தொங்கட்டும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூன்று எண்ணும் நேரத்தில் மெதுவாக மேலே எழும்பி, இரண்டு எண்ணும்வரை நின்று, மூன்று எண்ணி இறங்குங்கள். பன்னிரண்டு தடவை ஒரு சுற்று, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். தினமும் செய்யாதீர்கள். நாருக்கு ஓய்வு நாளும் வேண்டும். டென்மார்க்கில் இந்தப் பயிற்சியை வெறும் இழுப்புப் பயிற்சியோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மூன்று மாதத்தில் இதைச் செய்தவர்களுக்கு வலி அதிகமாகக் குறைந்திருந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். அதாவது, இது வலி போகிற நாளைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவருகிறது. படியேற முடியாதவர்கள் முதல் இரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம்.

செய்யும்போது லேசான வலி இருக்கலாம். மறுநாள் காலை வலி கூடியிருந்தால் அளவைப் பாதியாக்குங்கள், விட்டுவிடாதீர்கள்.

ராத்திரி வந்ததும் ஒரு தண்ணீர் பாட்டிலை உறைய வைத்து, துணி சுற்றி, உள்ளங்காலால் பத்து நிமிடம் உருட்டுங்கள். அந்த நேரத்து வலிக்கு இதமாக இருக்கும். காலில் உணர்ச்சி குறைந்த சர்க்கரைக்காரர்கள் மட்டும் இதைச் செய்யக் கூடாது.

வீட்டுக்குள் எப்படிச் செருப்புப் போடுவது? அம்மா திட்டுவார்கள்.

எங்கள் வீட்டிலும் திட்டினார்கள். "சாமி இருக்கிற வீட்டில் செருப்பா?" என்று அம்மா ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வெளியே போடாத, வீட்டுக்கென்றே புதிதாக வாங்கிய ஒரு ஜோடி என்று காட்டிப் புரியவைத்தேன். பூஜை அறை வாசலில் கழற்றிவிடுவேன். மண் தரையிலும் சாணி மெழுகிய தரையிலும் பழகிய கால்கள் நமக்கு. டைல்ஸும் மார்பிளும் கொஞ்சம்கூட விட்டுக்கொடுக்காத தரை. நாள் முழுக்க நல்ல செருப்புப் போட்டுவிட்டு வீட்டில் நாலு மணி நேரம் டைல்ஸில் வெறுங்காலோடு நடந்தால் வலி குறையவே குறையாது. சமையலறையில் நிற்கிற பெண்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். அடுப்படியில் தடித்த ரப்பர் விரிப்பு ஒன்று போட்டாலும் நல்லது.

கோயிலுக்குப் போகும்போது? மாலை போட்டிருக்கும்போது?

பாடலீஸ்வரர் கோயிலுக்கோ மணக்குள விநாயகர் கோயிலுக்கோ போய்வருகிற கொஞ்ச நேரத்தில் ஒன்றும் ஆகிவிடாது. போவதற்கு முன்னால் முதல் பயிற்சியைச் செய்துவிட்டுப் போங்கள். சபரிமலைக்கு மாலை போட்டு வாரக்கணக்கில் வெறுங்காலில் இருப்பது வேறு விஷயம். வலி உச்சத்தில் இருக்கிற வருடம் குருசாமியிடம் பேசி அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைக்கலாம். தள்ள மனமில்லை என்பவர்களுக்குப் பிசியோதெரபிஸ்ட் பாதத்தில் ஒட்டிவிடுகிற டேப் உதவும். வளைவைத் தூக்கிப் பிடித்துப் பட்டையின் இழுப்பைக் குறைக்கும். ஒட்டுவதை ஒருமுறை கற்றுக்கொண்டால் வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

எந்தச் செருப்பு வாங்குவது?

செருப்பை இரண்டு கையிலும் பிடித்து மடக்கிப் பாருங்கள். விரல் பக்கம் மட்டும் வளைய வேண்டும். நடுவில் சப்பாத்தி மாதிரி மடிந்தால் வேண்டாம். குதிகால் பக்கம் விரலைவிட இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரம், உள்வளைவில் ஒரு மேடு, பின்னால் பட்டை இருந்தால் நல்லது. தேய்ந்த ஹவாய் செருப்பை இன்றே தூக்கிப் போடுங்கள். எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலார் ரப்பர்) செருப்பு மெத்தென்று இருக்கும், குறிப்பாகச் சர்க்கரைக்காரர்களுக்கு நல்லது. ஆனால் உள்வளைவுத் தாங்கல் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள், அழுந்தித் தட்டையாகிவிட்டால் மாற்றுங்கள். ஷூ போடுகிறவர்கள் குதிகால் பகுதிக்கு சிலிக்கான் மெத்தை வைத்துக்கொள்ளலாம், இரண்டு காலுக்கும் சேர்த்து வையுங்கள். ஆயிரக்கணக்கில் செலவழித்து அளவெடுத்துச் செய்வது கடையில் கிடைக்கிற சாதாரண மெத்தையைவிடப் பெரும்பாலோருக்கு அதிகப் பலன் தருவதில்லை.

கடையில் உட்காரவே விடுவதில்லை. நான் என்ன செய்வது?

இதைக் கேட்ட பெண் துணிக்கடையில் வேலை செய்கிறவர். வலியைவிட, முதலாளி பார்த்துவிடுவாரோ என்ற பயம்தான் அவர் முகத்தில் அதிகமாக இருந்தது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021 செப்டம்பரில் திருத்தம் கொண்டுவந்தார்கள். எல்லா ஊழியருக்கும் தகுந்த இருக்கை வசதி செய்துதர வேண்டும், வேலை நேரம் முழுக்க நின்றுகொண்டே இருக்கிற நிலை கூடாது என்பது அதன் சாரம். அந்த மசோதாவைக் கொண்டுவந்த அப்போதைய தொழிலாளர் துறை அமைச்சர் சி.வெ.கணேசன் நம் மாவட்டத்துத் திட்டக்குடித் தொகுதிக்காரர். ஆக, கடலூரில் ஸ்டூல் கேட்பது சலுகை கேட்பது ஆகாது, அது சட்டம் தந்த உரிமை. பாண்டிச்சேரி தனி யூனியன் பிரதேசம் என்பதால் இந்தத் திருத்தம் அங்கே செல்லாது. அங்கே வேலை பார்க்கிறவர்கள் நாலு பேர் சேர்ந்து நிர்வாகத்திடம் பேச வேண்டியிருக்கும். என் கடையில் இப்போது கவுன்ட்டருக்குப் பின்னால் இரண்டு உயர ஸ்டூல் இருக்கிறது. எனக்கு வலி வரும்வரை எங்கள் பையன்களும் நின்றுகொண்டேதான் இருந்தார்கள். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தம்தான்.

வலி மாத்திரை போட்டால் என்ன? ஒரு செட் கொடுங்களேன்.

கொடுக்க மாட்டேன். காகிதத்தில் மடித்துத் தருகிற "செட்" மாத்திரையில் பல இடங்களில் ஸ்டீராய்டு ஒன்று சேர்ந்திருக்கும். இரண்டே நாளில் வலி பறந்துவிடும், அதனால்தான் கைராசியான கடை என்று பெயர் கிடைக்கிறது. மாதக்கணக்கில் சாப்பிட்டால் சர்க்கரை ஏறும், முகம் உப்பும், எலும்பு பலவீனமாகும், திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். தயவுசெய்து பெயர் தெரியாத மாத்திரையை யாரிடமும் வாங்காதீர்கள்.

டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரைகள் டாக்டர் சொன்னால் சில நாள் சாப்பிடலாம். வலி ரொம்பக் கடுமையாக இருக்கிற வாரத்தைக் கடக்க உதவும். முன்பே சொன்னேனே, அங்கே நார் நைந்திருக்கிறது. நைந்ததை மாத்திரை ஒட்டவைக்காது. பி.பி., சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண், இதய நோய் உள்ளவர்கள் கேட்காமல் தொடவே கூடாது. இரண்டு வலி மாத்திரையைச் சேர்த்தும் போடக் கூடாது. மேலே தடவுகிற ஜெல் அந்த அளவு உடம்புக்குள் போகாது, ஆனால் குதிகால் தோல் தடிமன் என்பதால் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

செங்கல்லைச் சூடாக்கி எருக்கிலை வைத்து மிதிக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?

எங்கள் பாட்டி செய்த வைத்தியம், எனக்கும் செய்துவிட்டார்கள். சூடு இதமாக இருக்கும், தசை இளகும், அரை நாள் தாங்கும். செய்துவிட்டு உடனே இழுப்புப் பயிற்சியைச் செய்தால் இன்னும் நன்றாக வரும். இரண்டே எச்சரிக்கை. எருக்கம்பால் கண்ணில் படக் கூடாது, தோலையும் புண்ணாக்கும். அப்புறம், சர்க்கரை உள்ளவர்கள் சூடான செங்கல்லுக்குப் பக்கத்திலேயே போகக் கூடாது. குதிகால் கொப்பளித்துப் புண்ணான பிறகும் சூடே தெரியவில்லை என்று சொன்ன ஒரு பெரியவரை நான் பார்த்திருக்கிறேன்.

எனக்குச் சர்க்கரை இருக்கிறது. நானும் இதையெல்லாம் செய்யலாமா?

இழுப்புப் பயிற்சி செய்யலாம், செருப்பு கட்டாயம். ஆனால் முதலில் வலியின் குணத்தைக் கவனியுங்கள். எரிச்சல், மதமதப்பு, எறும்பு ஊர்வது போல, பஞ்சுமேல் நடப்பது போல, அதுவும் இரண்டு பாதத்திலும் ராத்திரியில் அதிகமாக இருந்தால் அது நரம்புக் கோளாறாக இருக்கலாம். அதற்கு வைத்தியமே வேறு. அரசு மருத்துவமனையில் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பார்கள், அரை நிமிட வேலை, வருடத்துக்கு ஒருமுறை கேட்டுச் செய்துகொள்ளுங்கள். ராத்திரி படுக்கும்முன் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினத்திலோ வைத்திக்குப்பத்திலோ மத்தியான மணலில் வெறுங்காலோடு நடக்காதீர்கள். பாதம் திடீரென்று சிவந்து, சூடாகி, வீங்கினால் வலி குறைவாக இருந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். எலும்பு உள்ளே நொறுங்கத் தொடங்குவதன் அறிகுறியாக இருக்கலாம்.

குதிகாலில் ஊசி போட்டுக்கொள்ளலாமா?

ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு நன்றாகவே கேட்கும். ஆனால் பலன் நீடிப்பதில்லை. திரும்பத் திரும்பப் போட்டால் குதிகாலின் கொழுப்பு மெத்தை கரையலாம், பட்டையே அறுந்துபோகலாம். சர்க்கரைக்காரர்களுக்குச் சில நாள் சர்க்கரை ஏறும். மூன்று நாலு மாதப் பயிற்சிக்கும் அசையாத வலிக்கு, எலும்பு டாக்டர் பார்த்து முடிவு செய்யட்டும். கருவியால் வெளியிலிருந்தே குதிகாலுக்குள் அதிர்வைச் செலுத்துகிற அதிர்வலைச் சிகிச்சை என்று ஒன்றும் இருக்கிறது, நாள்பட்ட வலியில் சிலருக்கு நல்ல பலன் தருகிறது.

எல்லாக் குதிகால் வலியும் இதுதானா?

இல்லை. குதிகாலுக்கு அடியில் இல்லாமல் பின்பக்கம், கெண்டைக்கால் தசையிலிருந்து இறங்குகிற குதிநாண் ஒட்டுகிற இடத்தில் வலித்தால் அது வேறு. கீழே விழுந்தோ, அதிகம் ஓடியோ, காலை ஊன்றவே முடியாமல், குதிகாலை இரண்டு பக்கமும் அழுத்தினால் வலித்தால் எலும்பில் விரிசல் இருக்கலாம். 20, 30 வயதில் இரண்டு குதிகாலும் வலித்து, காலையில் இடுப்பும் அரை மணிக்கு மேல் இறுகி, நடந்தால் இளகுகிறது என்றால் மூட்டுவாத டாக்டரைப் பாருங்கள். வருடக்கணக்கில் குதிகால் வலி என்றே விட்டுவிடப்படுகிற நோய் அது. சிக்குன்குனியா காய்ச்சலுக்குப் பிறகும் கணுக்காலும் பாதமும் மாதக்கணக்கில் வலிக்கும். ஓடி விளையாடுகிற எட்டிலிருந்து பதினாலு வயதுப் பிள்ளைகளுக்கு வருவது வளர்ச்சியோடு சேர்ந்த வலி, கொஞ்ச நாள் விளையாட்டைக் குறைத்தால் போதும். காய்ச்சலோடு வலி, படுத்திருக்கும்போதும் விடாத வலி, வீக்கம், மரத்துப்போதல், இவற்றில் எதுவானாலும் காத்திருக்க வேண்டாம்.

எங்கே காட்டுவது?

கடலூரில் மஞ்சக்குப்பம் அரசுத் தலைமை மருத்துவமனையில் எலும்புப் பிரிவும் பிசியோதெரபியும் உண்டு. பாண்டிச்சேரிக்காரர்களுக்கு அரசுப் பொது மருத்துவமனை, கோரிமேட்டில் ஜிப்மர். ஜிப்மருக்குப் போனால் ஒரு நாளை ஒதுக்கி விடிகாலையே போய்விடுங்கள், பழைய எக்ஸ்ரே, மாத்திரைச் சீட்டு எல்லாம் எடுத்துக்கொண்டு. நடமாட முடியாத வயதானவர்கள் தமிழ்நாட்டுப் பக்கம் இருந்தால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

நடைப்பயிற்சியை நிறுத்திவிடவா?

முழுக்க நிறுத்தாதீர்கள், பாதியாகக் குறையுங்கள். மணலில் நடப்பது மெத்தென்று இருக்கும் என்று நினைப்பார்கள். ஆனால் குதிகால் மணலில் புதைய, பட்டை இன்னும் இழுபடும். பாண்டிச்சேரியில் மாலை ஆறு மணிக்கு மேல் வண்டி விடாத கடற்கரைச் சாலை சமமாக இருக்கும், நல்ல ஷூவோடு அங்கே மெதுவாக நடக்கலாம். சைக்கிள் ஓட்டினால் குதிகாலில் பாரமே இல்லை. வலி இருந்த மாதங்களில் நான் சைக்கிளில்தான் கடைக்குப் போனேன்.

மறுபடியும் வருமா?

வரலாம். எனக்கு ஒருமுறை வந்தது. தங்கை வீட்டுக் கல்யாணத்தில் இரண்டு நாள் நின்ற பிறகு மூன்றாம் நாள் காலை அதே குத்தல். இந்தத் தடவை பயப்படவில்லை. அன்றைக்கே கட்டிலில் உட்கார்ந்து விரலை இழுக்க ஆரம்பித்தேன், வீட்டுச் செருப்பை மறுபடி மாட்டினேன், மூன்று வாரத்தில் போய்விட்டது. வலி போனபின்னும் காலையில் ஒரு தடவை இழுப்புப் பயிற்சியை விடாதீர்கள். மூன்று நாலு வாரத்தில் அடங்காமல் ஏறிக்கொண்டே போனாலோ, வலிக்கிற இடம் மாறினாலோ, பழைய வலிதான் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளாமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.